கேட்கக் கற்றுக்கொடுத்த கார்ல் ரோஜர்ஸ்

உளவியல் படிக்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் ஒரு மாமாவாவது, தம் மனத்தில் இப்போது என்ன ஓடுகிறது என்று சொல்ல முடியுமா எனக் கேட்பார். அதைச் சிரித்துச் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாத கேள்வி ஒன்று இரண்டாம் ஆண்டில் வகுப்பறையிலேயே எழுகிறது. ஆய்வு முறைகள் படித்தாயிற்று, புள்ளியியல் தாளும் எழுதியாயிற்று. மனம் நொந்து வரும் ஒரு மனிதருக்கு எதிரே எப்போது உட்காரப் போகிறோம்? முதுகலைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தால், மேற்பார்வையின் கீழ் பெற்ற அனுபவம் உண்டா என்று கேட்கிறார்கள். இளங்கலை மாணவர் அதை எங்கே போய்ப் பெறுவது?

இந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு கார்ல் ரோஜர்ஸின் வாழ்க்கையைப் படித்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது. உளவியல் அறிமுக நூல் எதைத் திறந்தாலும் அவருக்கு அரைப் பக்கமாவது இருக்கும். நிபந்தனையற்ற ஏற்பு, பிறர் உணர்வை உள்ளிருந்து புரிந்துகொள்ளுதல், போலியின்மை என்ற மூன்றையும் தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோம். ஆலோசனை அறையின் மூடிய கதவைத் திறந்து, தாம் செய்வதைப் பிறர் கேட்கட்டும் என்று முதலில் துணிந்தவர்களில் அவரும் ஒருவர் என்பது அந்த அரைப் பக்கத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. மேற்பார்வை என்று இன்று நாம் சொல்வதற்கு உருவம் கொடுத்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

பண்ணை வீட்டுப் பையன்

அமெரிக்காவின் சிகாகோ நகரை அடுத்த ஓக் பார்க்கில் 1902 ஜனவரி 8ஆம் நாள் ரோஜர்ஸ் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் அவர் நான்காமவர். தந்தை பொறியாளர். பெற்றோர் இருவரும் சமயக் கட்டுப்பாடு மிக்கவர்கள். வீட்டில் சீட்டாட்டம் கிடையாது, நாடகம் கிடையாது, நடனம் கிடையாது, மதுவுக்கு வாசற்படியிலேயே தடை. சோடா குடிப்பதில்கூட லேசாகப் பாவத்தின் வாசனை அடித்தது என்று பின்னாளில் அவர் வேடிக்கையாக நினைவுகூர்ந்தார்.

அவருக்கு 12 வயதானபோது குடும்பம் சிகாகோவுக்கு மேற்கே ஒரு பண்ணைக்குக் குடிபெயர்ந்தது. நண்பர்கள் அதிகமில்லாத அந்தப் பையன் காட்டில் விட்டில் பூச்சிகளைத் தேடிப் பிடித்து, அவற்றைப் புழுவிலிருந்து வளர்த்தான். பண்ணையை அறிவியல் முறையில் நடத்த வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அதனால் கால்நடைத் தீவனம் பற்றிய தடித்த நூல்கள் வீட்டில் இருந்தன. பையன் அவற்றை விழுந்து விழுந்து படித்தான். ஒரு தீவனம் நல்லதா என்று அறிய மாடுகளை இரு கூட்டமாகப் பிரித்து, மற்ற எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்துப் பார்க்க வேண்டும் என்பதை அங்கேதான் கற்றான். மனித மனத்தை ஆராய வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

1919இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்கச் சேர்ந்தார். பிறகு சமயப் போதகராகலாம் என்று எண்ணி வரலாற்றுக்கு மாறினார். 1922இல் பெக்கிங் நகரில் நடந்த உலகக் கிறிஸ்துவ மாணவர் மாநாட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அமெரிக்க மாணவர்களில் அவரும் ஒருவர். ஆறு மாதத்துக்கு மேல் ஆசியாவில் பயணம். நேர்மையான மனிதர்கள் வெவ்வேறு நம்பிக்கைகளோடு வாழ்வதைக் கண்ட இளைஞர், பெற்றோரின் சமயப் பார்வையிலிருந்து விலகத் தொடங்கினார். தம் மாற்றங்களை ஒளிக்காமல் வீட்டுக்கு எழுதினார். கடிதம் போய்ப் பதில் வரவே மாதங்கள் ஆன காலம் அது. பெற்றோரின் அதிர்ச்சி அவரை எட்டுவதற்குள் அவர் தம் முடிவில் உறுதியாகிவிட்டிருந்தார். வாட்ஸ்அப் யுகத்துப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை!

ஊர் திரும்பியதும் குடற்புண். சிகிச்சைக்குப் பின் ஒரு மரக்கிடங்கில் வேலை செய்துகொண்டே அஞ்சல்வழியில் உளவியல் பாடம் ஒன்றைப் படித்தார். இளங்கலைக் காலத்தில் அவர் படித்த ஒரே உளவியல் பாடம் அதுதான். 1924இல் பட்டம் பெற்றது வரலாற்றில். இளங்கலையிலேயே எல்லா அனுபவமும் கைக்கு வந்துவிட வேண்டும் என்று துடிக்கும் நம்மில் பலருக்கு இந்தத் தகவல் சற்று ஆறுதல் தரலாம்.

சிறு வயதிலிருந்து அறிந்த ஹெலன் எலியட்டை அதே ஆண்டு மணந்துகொண்டு, நியூயார்க்கின் யூனியன் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் ஒரு விசித்திரமான கோரிக்கை வைத்தார்கள். ஆசிரியர் பாடம் நடத்தாத ஒரு வகுப்பு வேண்டும், அதில் தங்கள் கேள்விகளைத் தாங்களே விவாதிக்க வேண்டும் என்றார்கள். கல்லூரி ஒப்புக்கொண்டது. அந்த வகுப்பின் வழியே சிந்தித்துச் சிந்தித்து, சமயப் பணியே வேண்டாம் என்று வெளியேறியவர்களில் ரோஜர்ஸும் ஒருவர். அவர் வெகுதூரம் போகவில்லை. சாலையைக் கடந்து, எதிரே இருந்த கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரிக்குப் போனார்.

அங்கே லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளரின் மேற்பார்வையில் முதன்முறையாகக் குழந்தைகளோடு பணியாற்றினார். அறிவுத்திறன் மிக்க குழந்தைகளைப் பற்றிய ஆய்வுகளுக்காகப் பெயர் பெற்றவர் ஹாலிங்வொர்த். ஆய்வாளராக மட்டும் இல்லாமல் மனிதர்கள்மீது அக்கறை கொண்டவராகவும் அவர் இருந்ததை ரோஜர்ஸ் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

1927-28இல் நியூயார்க் குழந்தை வழிகாட்டு நிலையத்தில் உதவித்தொகையுடன் பயிற்சி கிடைத்தது. முதலில் 2,500 டாலர் என்றார்கள். பிறகு அந்தத் தொகை மனநல மருத்துவர்களுக்கு மட்டும்தான், உளவியல் பயிற்சியாளருக்கு 1,200 டாலர் என்றார்கள். ரோஜர்ஸ் சூடாக ஒரு கடிதம் எழுதி முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டார். ஆசிரியர் கல்லூரியில் எல்லாம் அளவீடு, எண், சோதனை. நிலையத்திலோ ஃப்ராய்டின் ஆழ்மனக் கோட்பாடு. இரண்டும் ஒட்டவே இல்லை. ஒரு குழந்தையைப் பற்றி நூறு பக்கத்தை நெருங்கும் அளவுக்குக்கூடக் குறிப்பெழுதும் வழக்கம் அங்கே இருந்தது. அந்த ஆண்டு உரையாற்ற வந்த ஆல்ஃபிரட் அட்லர், அந்தக் குறிப்புகள் இல்லாமலேயே குழந்தையோடும் பெற்றோரோடும் நேரடியாகப் பேசிப் பிரச்சினையைத் தொட்டதைக் கண்டு ரோஜர்ஸ் முதலில் அதிர்ச்சியடைந்தார். அதன் மதிப்பு அவருக்கு விளங்கியது வெகு காலம் கழித்துத்தான்.

ரோச்செஸ்டரின் 12 ஆண்டுகள்

முனைவர் பட்டம் முடியவில்லை, குடும்பப் பொறுப்பு, கையில் பணமும் இல்லை. 1928இல் நியூயார்க் மாநிலத்தின் ரோச்செஸ்டர் நகரில், குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கத்தின் குழந்தை ஆய்வுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 2,900 டாலர். முன்னேற வழியில்லாத வேலை என்று பலர் எச்சரித்தார்கள். அங்கேயே 12 ஆண்டுகள் இருந்தார்.

நீதிமன்றமும் நலன்புரி அமைப்புகளும் அனுப்பிவைக்கும் பிள்ளைகள் வந்துகொண்டே இருந்தார்கள். திருடியவன், வீட்டைவிட்டு ஓடியவள், அடி வாங்கியே வளர்ந்தவன். அன்றைய ரோஜர்ஸ் மேற்பார்வை என்ற சொல்லுக்கு வெளியேதான் நின்றார் எனலாம். நியூயார்க்கின் பேராசிரியர்கள் தொலைவில் இருந்தார்கள். அருகில் ஓரிரு சக ஊழியர்கள், அவர்களும் அவரைப் போலவே கற்றுக்கொண்டிருந்தவர்கள். செய்வது பலன் தருகிறதா என்பது ஒன்றே அவர் கையில் இருந்த அளவுகோல். அந்த அளவுகோல் அவரைப் பலமுறை தோற்கடித்தது.

தீ வைக்கும் பழக்கமுள்ள ஒரு சிறுவன் வந்தான். இளங்குற்றவாளிகள் ஆய்வில் அன்று பெரும்புள்ளியான வில்லியம் ஹீலியின் நூல்களை ரோஜர்ஸ் கரைத்துக் குடித்திருந்தார். அவை சொன்னபடியே, தடுப்பு இல்லத்தில் நாள்தோறும் அந்தச் சிறுவனோடு பேசி, தீ வைக்கும் உந்துதலின் வேர் பாலுணர்வு சார்ந்த ஒரு மனப்போராட்டத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்து, அவனுக்கு விளக்கியும் விட்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நம்பினார். நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே விடப்பட்ட பையன் மறுபடியும் தீ வைத்தான். பெரியவர்கள் நூலில் எழுதியிருப்பதாலேயே அது சரியாகிவிடாது என்பது ரோஜர்ஸை உலுக்கியது.

இரண்டாவது சம்பவத்தில் நோயாளியே இல்லை. ரோச்செஸ்டருக்கு வந்த புதிதில், ஒரு பெற்றோரிடம் நேர்காணல் நடத்தும் முறையைப் பற்றி அவர் ஒரு கலந்துரையாடல் குழுவை நடத்தினார். மாதிரியாக, அச்சில் வந்த ஒரு நேர்காணலைத் தேடி எடுத்தார். நேர்காண்பவர் மடமடவென்று கேட்டு, விரைவிலேயே பிரச்சினையின் மையத்துக்குப் பெற்றோரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். ரோஜர்ஸுக்கு மிகவும் பிடித்துப்போனது. சில ஆண்டுகள் கழித்து அதே நேர்காணலை மீண்டும் தேடிப் படித்தார். திகைத்துப் போனார். கெட்டிக்கார வழக்கறிஞர் ஒருவர் குறுக்கு விசாரணை செய்து, பெற்றோரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியது போல் இருந்தது. தாளில் இருந்த எழுத்து மாறவில்லை. படித்தவர்தான் மாறியிருந்தார்.

மூன்றாவதுதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. அடங்காத மகனோடு ஒரு தாய் வந்தார். மகனைச் சிறு வயதில் அவர் மனத்தளவில் ஒதுக்கியதே பிரச்சினையின் காரணம் என்பது ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பல அமர்வுகளில் மென்மையாக, பொறுமையாக அதை அந்தத் தாய்க்குப் புரியவைக்க முயன்றார். நடக்கவில்லை. கடைசியில், இருவரும் முயன்றோம், முடியவில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்தத் தாயும் ஒப்புக்கொண்டு, கைகுலுக்கி, கதவுவரை போனார். அங்கிருந்து திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்தார். கணவரோடு உள்ள விரிசல், தம் தோல்வி, குழப்பம் என எல்லாம் கொட்டித் தீர்த்தார். அதுவரை அவர் கொடுத்திருந்த வறண்ட குடும்ப வரலாற்றுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரோஜர்ஸ் பேசாமல் கேட்டார். பின்பற்றியது அந்தத் தாயின் வழியை. தாயின் மணவாழ்க்கையும் தேறியது, மகனின் நடத்தையும் சீரானது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற எண்ணம் அவருக்குள் வேரூன்றியது.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுத்துகிறது. ரோஜர்ஸ் தம் பிழைகளைக் கண்டுகொண்டார், சரி. அதற்குள் எத்தனை குழந்தைகளும் தாய்மார்களும் அந்த அறைக்கு வந்து போயிருப்பார்கள்? மேற்பார்வை என்பதை நம் தற்குறிப்பில் எழுதிக்கொள்ளும் ஒரு வரியாகவே மாணவர்கள் பார்க்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது பாதுகாப்பு.

1939இல் அவருடைய முதல் பெரிய நூல் வெளிவந்தது. சிக்கலுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை பற்றியது அது. அதே ஆண்டு, வளர்ந்துவிட்ட வழிகாட்டு நிலையத்துக்கு மனநல மருத்துவர்தான் தலைவராக வேண்டும், உளவியலாளர் கூடாது என்று ஒரு போராட்டம் நடந்தது. ரோஜர்ஸ் வென்றார். ஆனால் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறைக்கு அவர் செய்வது உளவியலாகவே படவில்லை. சமூகவியல் துறையிலும் கல்வித் துறையிலும் சேர்ந்துதான் அவர் பாடம் நடத்தினார்.

இசைத்தட்டில் பதிந்த குரல்கள்

1940இல் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்தது. வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பட்ட மேற்படிப்பு மாணவர்கள் வெறும் கோட்பாட்டோடு நிறைவடையவில்லை. ரோஜர்ஸ் அவர்களுக்காக ஆலோசனைச் செயல்முறைப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். உண்மையான மனிதர்கள் உண்மையான பிரச்சினைகளோடு வருவார்கள், மாணவர்கள் அவர்களைச் சந்திப்பார்கள், நடந்தது வகுப்பில் அலசப்படும். மேற்பார்வையோடு கூடிய உளச்சிகிச்சைப் பயிற்சி ஒரு பல்கலைக்கழகத்துக்குள் நடந்தது அதுவே முதல் முறை என்று அவர் நம்பினார்.

ஒரு சிக்கல் இருந்தது. அதுவரை எங்கும் இருந்த வழக்கம் இதுதான்: பயிற்சி பெறுபவர் அறைக்குள் போவார், ஒரு மணி நேரம் பேசுவார், வெளியே வந்து நினைவிலிருந்து குறிப்பெழுதுவார், அதை மேற்பார்வையாளரிடம் சொல்வார். மேற்பார்வையாளர் காதுக்கு வருவது அறையில் நடந்ததன்று, மாணவர் நினைவில் தங்கியது. நமக்குச் சாதகமானதை நினைவு எவ்வளவு அழகாக வைத்துக்கொள்ளும் என்பது யாருக்குத் தெரியாது? பரீட்சை முடிந்து வந்து, நன்றாகத்தான் எழுதினேன் என்று சொல்கிறோமே, அதே கதைதான்.

பெர்னார்ட் கோவ்னர் என்ற மாணவரின் உதவியோடு ரோஜர்ஸ் ஒலிப்பதிவில் இறங்கினார். நாடாப் பதிவுக் கருவிகள் பரவாத காலம். நம் தாத்தா பாட்டி பாகவதர் பாட்டுக் கேட்ட அதே வகை, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள். ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடப் பேச்சுதான் பதியும். எனவே இரண்டு இயந்திரங்களை வைத்து, ஒன்றில் தட்டு முடிவதற்குள் மற்றதில் தொடங்க வேண்டும். ஒரு மணி நேர அமர்வுக்குச் சுமார் 20 பக்கங்கள். பிறகு ஒவ்வொரு தட்டையும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, ஒரு சொல் விடாமல் தட்டச்சு செய்ய வேண்டும். 

ஒலிப்பதிவு மாணவர்களின் முகத்துக்கு நேரே கண்ணாடியைப் பிடித்தது. கேட்பதாக நினைத்திருந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்திருந்தார்கள். வந்தவர் ஏதோ வலியைச் சொல்லத் தொடங்கும் இடத்தில் குறுக்கிட்டு வேறு கேள்விக்குத் தாவியிருந்தார்கள். அறிவுரை சொல்லவில்லை என்று சத்தியம் செய்தவர் தட்டு முழுக்க அறிவுரைதான் சொல்லியிருந்தார். குறிப்புகளையும் பதிவுகளையும் ஒப்பிட்ட கோவ்னர், எழுதிய குறிப்பில் உரையாடலின் பெரும்பகுதி விடுபட்டிருந்ததைக் காட்டினார். பதிவுகளில் சொற்களை எண்ணியும் பார்த்தார்கள். வழிநடத்திப் பேசும் ஆலோசகர்கள் வந்தவரைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பேசினார்கள். ரோஜர்ஸ் வழியில் பயின்றவர்கள் வந்தவர் பேசியதில் பாதிகூடப் பேசவில்லை. மாட்டுத் தீவனத்தை அளந்த பையன் இங்கே மீண்டும் தலைகாட்டுகிறான்!

வகுப்பு எப்படி நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தட்டு சுழல்கிறது. மாணவரின் குரல் எல்லார் காதிலும் விழுகிறது. ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். இந்த இடத்தில் வந்தவர் உண்மையில் என்ன சொன்னார்? நீ எதற்குப் பதில் சொன்னாய்? உன் பதிலுக்குப் பிறகு அவர் மேலே பேசினாரா, வாயை மூடிக்கொண்டாரா? இதைவிட வெட்கமும் பயனும் ஒருசேரத் தரும் பாடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை.

தம் மாணவர்களை மட்டும் அந்தச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தால் ரோஜர்ஸை நான் இவ்வளவு மதித்திருக்க மாட்டேன். 1942இல் வெளிவந்த ஆலோசனையும் உளச்சிகிச்சையும் பற்றிய நூலில், ஹெர்பர்ட் பிரையன் என்று புனைபெயரிடப்பட்ட ஓர் இளைஞரோடு நடந்த எட்டு அமர்வுகளும் சொல்லுக்குச் சொல் அச்சாயின. முழுச் சிகிச்சை ஒன்று அப்படி அச்சேறியது அதுவே முதல் முறை. ஒவ்வொரு பேச்சுக்கும் எண் கொடுத்து, ஆலோசகர் சறுக்கிய இடங்களையும் அந்த நூலிலேயே குறிப்பெழுதிச் சுட்டிக்காட்டினார். ஆலோசகர் பெயர் நூலில் இல்லை. அந்த ஆலோசகர் ரோஜர்ஸேதான்.

அந்த நூலில் இன்னொரு மாற்றமும் நிலைத்தது. வருபவரை நோயாளி என்று அழைக்காமல் கிளையண்ட் என்றார். தமிழில் இதை வாடிக்கையாளர் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ அது மளிகைக்கடையை நினைவூட்டுகிறது. உதவி நாடி வருபவர் என்பதே அவர் நினைத்ததற்கு நெருக்கமாக இருக்கிறது.

ஓஹாயோவில் அவரிடம் பயின்றவர்கள் பட்ட மேற்படிப்பு மாணவர்கள், இளங்கலையினர் அல்லர் என்பதை மறந்துவிடக் கூடாது. இன்றைக்கும் இளங்கலை உளவியல் மாணவருக்குத் தனியாக ஒருவருக்குச் சிகிச்சை அளிக்கும் தகுதி இல்லை. மலேசியாவில் 1998ஆம் ஆண்டுக் கவுன்சலர் சட்டப்படி, பதிவு பெறாதவர் தம்மைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. நமக்குத் திறந்திருப்பவை வேறு கதவுகள். தொழில்துறைப் பயிற்சிக் காலத்தில் மனநலப் பிரிவிலோ சிறப்புக் கல்வி நிலையத்திலோ பொறுப்பாளர் ஒருவர் அருகில் இருக்கக் கவனிப்பது, தொலைபேசிச் செவிமடுப்புச் சேவைகளில் பயிற்சி பெற்றுத் தொண்டூழியம் செய்வது, விரிவுரையாளரின் ஆய்வுக்கூடத்தில் பெயர் நீக்கிய நேர்காணல்களைத் தட்டச்சு செய்வது. கடைசியாகச் சொன்னது சலிப்பூட்டும் வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். ஒருவர் எங்கே தயங்கினார், எங்கே மௌனமானார் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதுவதுதான் ஓஹாயோ மாணவர்களும் செய்த வேலை. இடம் தேடும்போது, எத்தனை மணி நேரம் கிடைக்கும் என்று கேட்பதற்கு முன், நான் செய்வதை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்கொரு முறை என்னோடு உட்கார்ந்து பேசுவார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. அதற்குப் பதில் சொல்ல முடியாத இடத்தில் கிடைப்பது வேறு ஏதோ ஓர் அனுபவம்.

ஆசிரியர் தாமே உட்கார்ந்த நாற்காலி

1945இல் ரோஜர்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போய் ஓர் ஆலோசனை மையத்தை உருவாக்கினார். போர் முடிந்து படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பி வந்த காலம். அவர்களுக்கு ஆலோசகர்கள் உடனடியாகத் தேவைப்பட்டதால் சில வாரக் குறுகிய காலப் பயிற்சிகளையும் அந்த மையம் நடத்தியது. 1946-47இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். 1951இல் வந்த நூலில் ஆலோசகர் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பதிவுகளைக் கேட்பது, சக மாணவரோடு நடித்துப் பழகுவது, தாமே ஓர் ஆலோசகரிடம் போய் உதவி பெற்றுப் பார்ப்பது, மேற்பார்வையோடு சிகிச்சையில் இறங்குவது எனப் பல படிகளை அதில் விவரித்தார். முன்பு உத்திகளுக்கு அதிக அழுத்தம் கொடுத்துவிட்டதாக அவரே பின்னர் கருதினார். அவர் முறையை, வந்தவர் சொன்னதையே கிளிப்பிள்ளை போல் திருப்பிச் சொல்வது என்று மற்றவர்கள் கேலி செய்தது அவரை நோகடித்தது.

அந்தப் புகழின் நடுவே, 1949 வாக்கில், அவர் உடைந்துபோனார். ஓஹாயோவில் தொடங்கி அவரிடம் உதவி பெற்றுவந்த ஒரு பெண்ணின் மனநிலை மிகவும் மோசமடைந்தது. அவரை எப்படியும் மீட்டே ஆக வேண்டும் என்று ரோஜர்ஸ் பிடிவாதமாக நின்றார். தம் சொந்த எல்லைகளைக் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஒரு நாள், தாமே நிலைகுலையும் விளிம்பில் இருப்பதை உணர்ந்தார். அந்தப் பெண்ணை ஒரு மனநல மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மனைவி ஹெலனோடு ஊரைவிட்டுப் புறப்பட்டார். இரண்டு மூன்று மாதங்கள் வெளியூர்களில். திரும்பி வந்ததும் செய்த காரியம்தான் முக்கியம். தம் மையத்தில் பணியாற்றிய இளைய சகா ஒருவரிடம், உதவி நாடி வருபவராகப் போய் உட்கார்ந்தார். சங்கத் தலைவராக இருந்தவர், நூல்கள் எழுதியவர், தம்மைவிட வயதில் குறைந்தவர் முன் மனம் திறந்தார். அதை மறைக்கவும் இல்லை. பிற்காலத்தில் வெளிப்படையாகவே எழுதினார்.

1956இல் அமெரிக்க உளவியல் சங்கம் தன் சிறப்பு அறிவியல் பங்களிப்பு விருதை முதன்முதலாக வழங்கியபோது, அதைப் பெற்ற மூவரில் ரோஜர்ஸ் ஒருவர். சிகிச்சை அறைக்குள் நடப்பதைப் பதிவு செய்து ஆராய்ச்சிக்கு உட்படுத்தியதை அந்த விருது போற்றியது. இது உளவியலே அல்ல என்று ஒதுக்கப்பட்டவருக்கு அது சின்ன விஷயமில்லை.

1957இல் அவர் விஸ்கான்சினுக்குத் திரும்பினார். மனச்சிதைவு நோயாளிகளிடையே அவர் நடத்திய பெரிய ஆய்வு எதிர்பார்த்த பலனைத் தரவில்லை, குழுவுக்குள் கசப்பும் மிஞ்சியது. 1961இல் வந்த அவருடைய நூல் பொதுமக்களிடையே அவருக்குப் பெரும் புகழ் சேர்த்தது. 1964இல் கலிஃபோர்னியாவின் லா ஹோயாவில் குடியேறினார். ஏறத்தாழ அதே காலத்தில் குளோரியா என்ற பெண்ணோடு சுமார் அரைமணி நேரம் கேமராவின் முன் உரையாடினார். உளவியல் மாணவர்கள் இன்றும் வகுப்பில் பார்க்கும் படம் அது.

அறைக்கதவைத் திறந்து வைப்பவர் ஓர் ஆபத்தையும் ஏற்கிறார். 1966இல், விஸ்கான்சினில் அவரோடு பணியாற்றிய சார்ல்ஸ் டிரூவாக்ஸ், ரோஜர்ஸ் நடத்திய ஒரு சிகிச்சையின் பதிவுகளை எடுத்து அலசினார். யாரையும் எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை என்று சொன்ன ரோஜர்ஸ், வந்தவர் பேசிய சில வகைப் பேச்சுகளுக்கு அதிகக் கனிவும் புரிதலும் காட்டியிருந்தார். மற்றவற்றுக்கு அவ்வளவாகக் காட்டவில்லை. வந்தவரும் மெல்ல மெல்ல அந்தப் பக்கமே அதிகம் பேசியிருந்தார். தட்டுகளில் பதிந்த மாணவர்களுக்கு 1940களில் நேர்ந்தது ஆசிரியருக்கே நேர்ந்தது. பதிவுகள் இல்லாமலிருந்தால் அதை யாராலும் காட்டியிருக்க முடியாது. அவற்றை ஆராய்ச்சிக்குத் திறந்துவிட்டவர் ரோஜர்ஸ்.

கடைசிக் காலத்தில் அவர் வட அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா போன்ற பிளவுபட்ட சமூகங்களில் எதிரெதிர்த் தரப்பினரை ஒன்றாக உட்காரவைத்துப் பேசவைத்தார். 1987இன் தொடக்கத்தில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பின் இதயம் நின்று, பிப்ரவரி 4ஆம் நாள் காலமானார். வயது 85. அவருடைய தாள்கள் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. ஹெர்பர்ட் பிரையனின் எட்டு அமர்வுகள் 1942ஆம் ஆண்டு நூலில், எண்ணிட்ட பேச்சுகளோடும் சுட்டிக்காட்டிய பிழைகளோடும் அப்படியே இருக்கின்றன.